லில்லி வில்லாவின் குறைகள்

நவம்பர் 3, ஞாயிறு

லண்டன் வந்து இரண்டு நாள் ஆகிறது. குழலியின் வீட்டை உள்ளும் புறமும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டேன். என் மகளை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

தெரு முழுக்க ஒரே வீடு, நாற்பத்தாறு தடவை. நம் ஊர் ரயில்வே காலனியில்கூட இரண்டு வீட்டுக்கு ஒரு சந்தாவது விட்டிருப்பார்கள். இங்கே மூச்சுவிட இடமில்லை. வலப்பக்கச் சுவரில் பாதி அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம், இடப்பக்கச் சுவரில் பாதி இந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம். அகலம் பதினைந்தடி. நீளத்துக்குக் குறைவில்லை, ரயில் பெட்டி மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு கல்லில் 'லில்லி வில்லா 1894' என்று பெரிதாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வில்லாவாம்!

நான் ஊர் பார்க்க வரவில்லை. ஆகஸ்டில் குழலி போன் செய்து, தானும் ரகுநந்தனும் பிரிந்துவிட்டதாகவும் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும் சொன்னாள். பதினோரு வருடக் குடித்தனத்தை நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். வீடும் அதன் பேங்க் கடனும் இருவர் பெயரிலும் இருக்கின்றன. பேங்க் அனுப்பும் ஆள் வந்து சோதித்து, வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அவள் ஒருத்தி பெயருக்கு மாறும். இல்லையென்றால் விற்றுத்தான் ஆக வேண்டும். "வித்துட்டு அவளைக் கையோட கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் என் மனைவி செண்பகம் என்னை விமானம் ஏற்றினாள்.

அதற்குச் சரியான ஆள் நான்தான். முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் இருந்தேன். அதில் கடைசிப் பத்து வருடம் பழைய அரசுக் கட்டடங்களைப் பார்த்து, 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றது' என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மூன்று மாவட்டத்தில் என் கையெழுத்துக்குத் தப்பிய கட்டடம் குறைவு. இந்த வீட்டுக்கும் அப்படி ஓர் அறிக்கை எழுதிக் குழலியிடம் கொடுத்துவிட்டால் அவளே விற்றுவிடுவாள். படித்த பெண், ஆதாரம் காட்டினால் ஒப்புக்கொள்வாள். ஜனவரிக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

முகப்பைப் பார்த்தேன். குளிரில் கை விறைத்துப் பென்சில் பிடிக்க முடியவில்லை.

வாசல் பக்கம் செம்மண் நிறச் செங்கல், வரி வரியாக மஞ்சள் செங்கல், முன்னால் தள்ளிக்கொண்டு வரும் மூன்று பக்க ஜன்னல், அதற்கு இரண்டு பக்கமும் தூண்கள். தூணின் உச்சியில் இலை, பூ, ஏதோ ஒரு பழம். தட்டிப் பார்த்தேன். தூண் எந்த எடையையும் தாங்கவில்லை. எல்லா எடையையும் உள்ளே இருக்கும் சுவர் சுமக்கிறது, தூண் சும்மா நிற்கிறது. எதிர்வீட்டிலும் அதே இலை, அதே பழம். அந்தக் காலத்து மேஸ்திரி அச்சில் வார்த்து, டஜன் கணக்கில் வாங்கி ஒட்டியிருக்கிறான்.

பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு இலை கிடையாது. மட்டமான செங்கல், குட்டை ஜன்னல், ஒட்டிவைத்த சமையலறை, கரி போட்டு வைக்க ஒரு பொந்து, தோட்டத்து மூலையில் பூட்டிய பழைய கக்கூஸ். தெருவில் போகிறவர்களுக்குப் பட்டு வேட்டி, வீட்டில் இருப்பவர்களுக்குக் கோவணம். 130 வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கிய குமாஸ்தாவும் முகப்பைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பான்.

நவம்பர் 6, புதன்

மழை. பக்கத்து வீட்டுக்காரர் ஏழு தடவை தும்மினார். சுவரின் கனம் போதாது என்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 9, சனி

குழலிக்கு இன்று விடுமுறை. வீட்டைத் தானே சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். நான் பார்த்தாகிவிட்டது என்று சொன்னேன், கேட்கவில்லை.

நடைவழியில் தரையெல்லாம் சின்னச் சின்ன ஓடுகள். சிவப்பு, கறுப்பு, பழுப்பு, நடுவில் நட்சத்திரம். ரகுநந்தன் இருந்தவரை இதன்மேல் சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டியிருந்ததாம். ஆகஸ்டில் அவன் போன மறுநாளே குழலி கத்தியால் அதைக் கிழித்து எடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு வாரம் பசையைச் சுரண்டியிருக்கிறாள்.

"ஆள் வச்சிருக்கலாமேம்மா."

"நானே செய்யணும்னு தோணுச்சுப்பா."

அறைக்கு அறை கணப்பு அடுப்பு. மொத்தம் ஐந்து. வீட்டில் இருப்பது ஒருத்தி. எல்லாவற்றையும் பலகை அடித்து மூடி வைத்திருந்தானாம் மாப்பிள்ளை, அந்தப் பலகைகளையும் பெயர்த்துவிட்டாள். உட்கூரையின் ஓரமெல்லாம் சுண்ணாம்பில் முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரு வேலைப்பாடு. நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு பூ. அண்ணாந்து யார் பார்க்கப் போகிறார்கள்? தூசி சேரும், பல்லி குடியிருக்கும் என்றேன். "இங்க பல்லி இல்லப்பா" என்று சிரித்தாள்.

"இதுல உனக்கு என்னம்மா பிடிச்சிருக்கு?" என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் சட்டியில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று ஓடினாள்.

குறைகள் பதினாறு ஆகிவிட்டன.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று ஒரு உருப்படியான காரியம் செய்தேன்.

குழலி வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், முன்னறையில். இரண்டு ஜோடி காலுறை போட்டு, அதற்குமேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்காருகிறாள். தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் குளிர்காற்று வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்த் தேடினேன். குப்பைத் தொட்டிகளை நகர்த்தினால், சுவரின் அடியில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல்! முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒட்டிவைத்த சமையலறையின் பக்கவாட்டில் ஒன்று. நம் ஊரில் அடிச்சுவரில் இப்படி ஓட்டை விட்டால் பெருச்சாளி குடும்பத்தோடு வந்துவிடும். அடுத்த வாரம் அதைத் தேடிப் பாம்பு வரும். என் கீழே வேலை பார்த்த எந்த மேஸ்திரியாவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அவள் ஆபீஸ் போன பிறகு, முனையில் இருக்கும் கடையில் ஒரு சின்ன மூட்டை சிமெண்ட்டும் மணலும் பூசுகிற கரணையும் வாங்கி வந்து, ஒன்றுக்கு மூன்று கலவை போட்டு ஐந்தையும் அடைத்தேன். ஈரத் துணியால் நேர்த்தியாகத் துடைத்து, தொட்டிகளைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்தேன். குழலியிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்வது என் வழக்கமில்லை.

மாலையில் வந்தவள், "இன்னைக்கு ரூம் கொஞ்சம் கதகதப்பா இருக்குல்லப்பா" என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 16, சனி

தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். மாடி ஜன்னலிலிருந்து நூலை இறக்கி, சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பது. இரண்டு அங்குலமாவது சாய்ந்திருக்கும், அறிக்கைக்குப் பலமான ஆதாரம் கிடைக்கும் என்று நம்பினேன்.

கால் அங்குலம். மூன்று தடவை அளந்தேன். காற்றில் நூல் ஆடியிருக்கலாம்.

1988ல் நான் முன்னின்று கட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு இரண்டாவது மழைக்கே வெடித்தது. இருபத்திரண்டாவது வருடத்தில் அதை இடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். அந்த வீடுகளில் பதினெட்டுக் குடும்பம் இருந்தது. யாரும் எங்கே போவோம் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதையெல்லாம் இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 21, வியாழன்

குழலி பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. சமையலறை மின்சார வயரிங் பழையது, மாற்ற வேண்டும். குறை எண் இருபது.

செண்பகம் போனில் கேட்டாள். "என்னங்க, பேச்சை எடுத்தீங்களா?"

"அறிக்கை முடியட்டும்."

"பொண்ணுகிட்டப் பேச அறிக்கை எதுக்குங்க?"

அவளுக்கு இதெல்லாம் புரியாது.

நவம்பர் 29, வெள்ளி

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். முன்னறையில் ஒரு நாற்றம். ஈரத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்த மாதிரி. நான்கைந்து நாளாகவே சந்தேகம், இன்று உறுதி. வந்த புதிதில் இது இல்லை. மழைக்காலத்தில்தான் கட்டடத்தின் உண்மையான குணம் தெரியும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

குறை எண் இருபத்து மூன்று. சிவப்பு மையில் எழுதினேன்.

டிசம்பர் 4, புதன்

நாற்றம் அதிகமாகியிருக்கிறது. முன்னறைக் கதவு அடியில் உரசுகிறது, பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. குழலி ஊதுவத்தி கொளுத்துகிறாள், ஜன்னலைத் திறக்கிறாள், மண்டியிட்டு முகர்ந்து பார்க்கிறாள். "அஞ்சு வருஷமா இப்படி வந்ததே இல்லப்பா" என்றாள். 13ஆம் தேதி பேங்க் ஆள் வருகிறார்.

சமயம் பார்த்துப் பேச்சை எடுத்தேன். "பழைய வீடு இப்படித்தாம்மா. இதை வித்துட்டு ஊருக்கு வந்துரு. நம்ம வீட்டு மாடி சும்மாதான கெடக்கு."

அவள் ஊதுவத்திச் சாம்பலைத் துடைத்தாள். பிறகு, "இந்த வீட்டை நான்தாம்பா பார்த்துப் பிடிச்சேன். அவருக்குப் பிடிக்கல. புது ஃப்ளாட்தான் வேணும்னார். வாங்கினப்புறம் அஞ்சு வருஷம் இங்க ஒரு ஆணிகூட நான் என் இஷ்டத்துக்கு அடிச்சதில்ல. இப்பத்தான் அடிக்கிறேன்" என்றாள்.

"எல்லாத்துக்கும் கொஞ்சம் அனுசரிச்சு..." என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாணத்துக்கு முன் கும்பகோணத்தில் ரகுநந்தன் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது நான். சரி என்று சொன்னதும் நான். அது நல்ல வீடு. பர்மா தேக்கு உத்தரம், செட்டிநாட்டுப் பூச்சு, ஒரு விரிசல் கிடையாது. அதில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

டிசம்பர் 11, புதன்

மாடி ஜன்னலின் கயிறு அறுந்துவிட்டது. இந்த ஊர் ஜன்னல் மேலும் கீழும் ஏறி இறங்குவது. மரச்சட்டத்துக்குள் இரும்புக் குண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், கிணற்று வாளி மாதிரி. அதைச் சரிசெய்ய தவராசா என்று ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், இந்த வட்டாரத்தில் இருபது வருடமாகப் பழைய வீட்டு வேலை. குழலி ஆபீஸ் போயிருந்தாள்.

கயிறு மாற்றிக்கொண்டே, "நல்ல வீடு ஐயா. இப்ப கட்டுறதெல்லாம் மட்டைப் பெட்டி" என்றார். நான் இருபத்தாறு குறை கண்டிருப்பதைச் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்தவர் முன்னறை வாசலில் நின்றார், மூக்கை உறிஞ்சினார். வெளியே போய்க் குப்பைத் தொட்டிகளை இழுத்தார்.

"ஐயா, இஞ்ச வாங்கோ. இதை ஆர் அடைச்சது?"

நான் போய் நின்றேன்.

"இந்த வீட்டு நிலப் பலகை மண்ணில இருக்கேல்லை ஐயா. பலகைக்குக் கீழ ரெண்டடி வெறும் வெளி. இந்த ஓட்டையளாலதான் காத்து உள்ள போய் மற்றப் பக்கத்தால வரும். அதால மரம் காய்ஞ்சு கிடக்கும். நூற்றிமுப்பது வருசம் நிண்ட மரம். இதை அடைச்சா ஈரம் எங்க போறது? மரம் உக்கிப் போகும். ஆரோ ஒரு விசரன் செய்த வேலை."

விசரன் என்றால் பைத்தியக்காரன் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் தரை என்றால் மண் நிரப்பி, இடித்து, அதன்மேல் போடுவது. பலகைக்குக் கீழேயும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். நடக்கும்போது பலகை லேசாக அதிர்ந்ததை முதல் நாளே கவனித்தேன். குறை எண் நான்கு என்று அதை எழுதியும் வைத்தேன். ஏன் அதிர்கிறது என்று யோசிக்கவில்லை.

"நான் வர்றதுக்கு முந்தியே இருந்துச்சுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

தவராசா விரல் நகத்தால் சிமெண்ட்டைக் கீறிப் பார்த்தார். பிறகு என் ஷூவைப் பார்த்தார். அதன் நுனியில் கலவைத் துளி காய்ந்து கிடந்தது.

"சரி ஐயா" என்றார். "வெள்ளிக்கிழமை பாங்க் ஆள் வருகுதெண்டு பிள்ளை சொன்னவ. புதுச் சிமெந்துதானே, மரத்துக்கு ஒண்டும் நடந்திருக்காது. திறந்துவிட்டாக் காய்ஞ்சிரும். ஆனா நாத்தம் போக நாள் எடுக்கும். பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

அவர் போன பிறகு நெடுநேரம் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். நாளை மறுநாள் பேங்க் ஆள் தகுதியற்றது என்று எழுதிவிடுவார், வீடு விலைக்குப் போகும், குழலி ஊருக்கு வருவாள். நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிடும். அறிக்கைகூட வேண்டாம்.

டிசம்பர் 12, வியாழன்

குழலி ராத்திரி சாப்பிடவில்லை. நாளை என்ன சொல்வார்களோ என்ற பயம். நான் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

பேங்க் அனுப்பிய பெண் காலை பத்து மணிக்கு வந்தாள். முப்பது வயது இருக்காது. கூரையிலிருந்து ஆரம்பித்து ஒழுங்காகப் பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். மாடியில் எல்லாம் சரி. முகப்புத் தூண்களின் இலைகளைப் பார்த்துச் சிரித்து, அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள் என்றாள். குழலியின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

முன்னறைக்கு வந்தோம். கையில் இருந்த கருவியின் இரண்டு முனைகளைப் பலகையில் குத்தினாள். அது கீச்சென்று கத்தியது. நாலு இடத்தில் குத்தினாள், நாலு இடத்திலும் கத்தியது. முகர்ந்து பார்த்து, எழுதிக்கொண்டே, தரைக்கு அடியில் மரம் அழுகியிருக்கும்போல் தெரிகிறது, இந்த நிலையில் பேங்க் சம்மதிக்க வாய்ப்பில்லை, மன்னிக்கவும் என்றாள்.

 குழலி சுவரில் கை வைத்து நின்றாள். சரி, பரவாயில்லை என்று இங்கிலீஷில் மெல்லச் சொல்லிப் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்து, எல்லாம் முடிவு செய்துவிட்டேன் என்று நான் சொன்ன அன்றைக்கு இதே மாதிரிதான் நின்றாள், இதே மாதிரிதான் சரிப்பா என்று சொன்னாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். "அம்மா, வீட்டில் குறை இல்லை. சுவரில் இருந்த காற்று ஓட்டைகளை அடைத்தது நான். சென்ற மாதம், பன்னிரண்டாம் தேதி. நான் ஒரு இன்ஜினியர்" என்று இங்கிலீஷில் சொன்னேன். கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை. இருவரையும் வெளியே கூட்டிப் போய், தொட்டிகளை நகர்த்தி, பின்பக்கமும் சுற்றி வந்து ஐந்தையும் காட்டினேன். அந்தப் பெண் குனிந்து படம் எடுத்தாள். திறந்துவிட்டு ஐந்து வாரம் காய விடுங்கள், நானே மறுபடி வந்து பார்க்கிறேன், அதுவரை முடிவு எழுத மாட்டேன் என்றாள். என்னை அவள் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று யோசிக்க விருப்பமில்லை.

அவள் போன பிறகு குழலி வாசலிலேயே நின்றாள்.

"எதுக்குப்பா அடைச்சீங்க?"

"குளிர் வந்துச்சு. நீ காலைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்."

"ஆமாப்பா. எப்பவும் நல்லதுக்குத்தான் செய்றீங்க. எனக்குச் செய்றீங்க, என்னை மட்டும் கேட்கவே மாட்டீங்க." குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

டிசம்பர் 14, சனி

தவராசா உளியும் சுத்தியலும் கொண்டு வந்தார். நானே உடைக்கிறேன் என்றேன். "ஒண்டுக்கு மூண்டு கலவையோ ஐயா? நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்று பாராட்டினார்.  குளிரில் தரையில் உட்கார்ந்து ஐந்தையும் பெயர்க்க மூன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்து வீட்டுத் தும்மல்காரர் வெளியே வந்து, ஒரு கோப்பை தேநீர் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

முதல் ஓட்டை திறந்ததும் கையை வைத்துப் பார்த்தேன். காற்று உள்ளே போயிற்று. எனக்குப் பெருமூச்சு வந்தது.

டிசம்பர் 19, வியாழன்

குழலி என்னோடு பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெந்நீர் வேணுமா. அதற்கு மேல் இல்லை.

அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். இருபத்தாறு குறை. கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்தேன். ஏழெட்டு உண்மையான குறைதான். வயரிங் மோசம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

அதே பெண் வந்தாள். அதே கருவி. இந்தத் தடவை கத்தவில்லை. ஒரு பலகையைப் பெயர்த்து, விளக்கு அடித்து உள்ளே பார்த்தாள், என்னையும் பார்க்கச் சொன்னாள். தரையில் படுத்துப் பார்த்தேன். வரிசையாக விட்டங்கள், கறுத்து, உலர்ந்து, இரும்பு மாதிரி. ஒரு மேஸ்திரி யாருக்கும் தெரியாத இடத்தில் ஒவ்வொரு விட்டத்துக்கும் அடியில் செங்கலைச் சரியாக அண்டக் கொடுத்திருக்கிறான். முகப்பில் அச்சு இலையை ஒட்டிய அதே ஆள்தான். எழுந்திருக்கக் குழலி கை கொடுத்தாள்.

ஜனவரி 24, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. வீடு குழலி பெயருக்கு மாறுகிறது. அவள் அதை மூன்று தடவை படித்தாள். நானும் படித்தேன். இலக்கணப் பிழை ஒன்று இருந்தது, சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

புதன்கிழமை விமானம். அதற்கு முன் செண்பகத்திடம் சொல்லியாக வேண்டும். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டு, இன்று மதியம் போன் செய்தேன்.

"அவ வரமாட்டா. வீடு அவ பேருக்கு வந்திருச்சு" என்றேன்.

"நீங்க என்ன பண்ணீங்க அங்க மூணு மாசமா?"

சொன்னேன். அடைத்ததை, பொய் சொன்னதை, உடைத்ததை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"அந்தப் பையனைப் பார்த்துட்டு வந்து சரின்னு சொன்னதும் நான்தான், செண்பகம். அதையும் தப்பாத்தான் பார்த்தேன்."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு அவங்க வீட்டுல நமக்குத் தண்ணி கொண்டாந்தாளே அவன் அக்கா, டம்ளரைச் சிந்திட்டா. அவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பொண்ணு நடுங்கிட்டா. அவனைவிட நாலு வயசு பெரியவ. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு."

நான் அப்போது உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் குழலி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை. "பதினோரு வருஷமா எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சுட்டு இருந்தேம்பா."

பக்கத்தில் போய் உட்காரலாம் என்று பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து உட்காரக்கூட அகலமில்லாமல் கட்டியிருக்கிறான் மாடிப்படியை. அதனால் ஒரு படி கீழே உட்கார்ந்து, "சொல்லும்மா, கேட்கிறேன்" என்றேன்.